லேகிள் விண்கல் வீழ்ச்சியும் பியோவின் ஆய்வு முறையும்

வானத்தினின்று கல் விழும் என்னும் செய்தி பல நாட்டு மக்களிடையே பன்னெடுங்காலமாக வழங்கி வந்ததேனும், பதினெட்டாம் நூற்றாண்டு அறிவியலார் பலர் அதனைப் பாமரர் மயக்கம் என ஒதுக்கினர். அக்கொள்கை வீழ்ந்தமைக்கு 1803ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு நடத்திய விசாரணை ஒன்று பெருங்காரணமாயிற்று. சான்றுகளை மதிப்பிடும் முறைபற்றி அவ்விசாரணை உணர்த்துவதை ஈண்டு ஆராய்வோம்.

1768ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லூசே என்னும் ஊரில், வயலில் உழைத்தோர் கண்ணெதிரே ஒரு கல் விழுந்தது. அதனை ஆராய்ந்த லவாசியே முதலிய மூவர், மண்ணில் முன்னரே கிடந்த கல்லை மின்னல் தாக்கியதன் விளைவே அஃது என்று முடிவு கூறினர். கல் ஆராயப்பட்டது, கண்டோர் கூற்றோ ஏற்கப்படவில்லை. 1790ஆம் ஆண்டில் பார்போத்தான் பகுதியில் கற்கள் பொழிந்தபோது, முந்நூற்றுவர் அளித்த சான்றும் நகைப்பிற்கே இடமாயிற்று.

ஆயினும் கருத்து மெல்ல மாறலாயிற்று. இக்கற்கள் புவிக்குப் புறம்பானவை என 1794இல் கிளாட்னி எழுதினார். 1798இல் காசிக்கருகே விழுந்த கல்லையும் பிற நாட்டுக் கற்களையும் ஒப்பாய்ந்த ஹோவார்ட், அவற்றின் இரும்பில் நிக்கல் கலந்திருத்தலை 1802இல் வெளியிட்டார்.

இந்நிலையில், 1803 ஏப்ரல் 26ஆம் நாள் நண்பகலுக்குப் பின், நார்மண்டி வானில் ஒரு தீப்பிழம்பு விரைந்து சென்றது. லேகிள் நகரையடுத்த பகுதியில் இடியொத்த முழக்கம் ஐந்தாறு நிமிடம் நீடித்தது. ஆயிரக்கணக்கான கற்கள் வீழ்ந்தன. உள்நாட்டு அமைச்சர் ஷப்தால், இருபத்தொன்பது வயதினரான பியோவை ஆராயுமாறு அனுப்பினார்.

பியோ நேரே லேகிளுக்குச் சென்றாரல்லர். முதற்கண் தொலைவிலுள்ள அலன்சோன் நகரை அடைந்து, முழக்கம் எவ்வளவு தொலைவு கேட்டது என வினவி, அங்கிருந்து படிப்படியாக நிகழிடத்தை நெருங்கினார். சான்றுகளை இருவகையாகப் பகுத்தார். ஒன்று பொருட்சான்று: அத்தகைய கற்கள் அவ்வட்டாரத்துச் சுரங்கங்களிலோ உலைக்களங்களிலோ கனிமத் தொகுப்புகளிலோ முன்னர் இருந்தனவல்ல. மற்றொன்று மக்கட் சான்று: தொழிலாலும் நிலையாலும் வேறுபட்ட இருபது சிற்றூர் மக்கள் தம்முள் ஒத்துரைத்தனர். கற்கள் வீழ்ந்த நிலப்பரப்பையும் வரைந்து காட்டினார். அஃது இரண்டரை லீகு நீளமும் ஒரு லீகு அகலமும் உடைய நீள்வட்டம். பெருங்கற்கள் அதன் ஒரு முனையிலும் சிறுகற்கள் மறுமுனையிலும் கிடந்தன. தனித்தனியே கூறிய உழவர் எவரும் இவ்வொழுங்கைப் புனைந்திருத்தல் இயலாது. சூலைத் திங்களில் அவர் அளித்த அறிக்கைக்குப் பின் ஐயம் பெரிதும் நீங்கிற்று. இக்கற்கள் சிறுகோள்களின் சிதைவுகள் என்பது பின்னரே தெளிவாயிற்று.

லவாசியே வேதியியலில் பியோவினும் மேம்பட்டவர் என்பதில் ஐயமில்லை. எனினும், கற்றோர் கொள்கைக்கு முரணாயிற்று என்பதனாலேயே கல்லாதார் கூற்று பொய்யாகிவிடாது. பியோ அதனை அவ்வாறே நம்பினாரும் அல்லர், தள்ளினாரும் அல்லர், பொருளோடு பொருத்தி நிறுத்துப் பார்த்தார். வாய்மொழி வழக்குகளை ஆராய்வோர் அனைவர்க்கும் இந்நெறி ஏற்புடைத்து.