ரொறன்ரோவில் இல்லம்சார் உளநலத் தாதிமையும் தமிழ்க் குடும்பமும்

உளநோயாளரைப் பராமரிக்கும் பொறுப்பு மருத்துவமனையிலிருந்து வீட்டிற்கு இடம்பெயர்ந்த வரலாற்றை ரொறன்ரோ மாநகரில் தெளிவாகக் காணலாம். 1850ஆம் ஆண்டு அந்நகரின் குயீன் வீதி மேற்கில் மாகாண மனநோயாளர் காப்பகம் திறக்கப்பட்டது. நோயாளரின் ஊதியமற்ற உழைப்பால் எழுந்த அதன் சுற்றுமதிலின் பகுதிகள் இன்றும் நிற்கின்றன. 1979இல் நகரின் மேற்கிலிருந்த லேக்‌ஷோர் உளமருத்துவமனை மூடப்பட்டது. படுக்கைகள் குறைந்த வேகத்தில் வெளியே பராமரிப்பு வளரவில்லை. நோயாளர் பலர் பார்க்டேல் பகுதியின் வாடகை அறைகளில் ஒதுங்கினர்.

இவ்விடைவெளியை நிரப்ப முனைந்த முறைகளுள் ஒன்று, 1970களில் அமெரிக்காவின் மடிசன் நகரில் உருவான தீவிர சமூகச் சிகிச்சைக் குழு ஆகும். இதில் மருத்துவர், தாதியர், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒரே குழுவாக நோயாளரின் இருப்பிடத்திற்கே செல்வர். நீண்டநாள் செயற்படும் ஊசிமருந்தை ஏற்றுதல், பக்கவிளைவுகளைக் கண்காணித்தல், உணவையும் உறக்கத்தையும் கவனித்தல் ஆகியன தாதியின் பணிகள்.

1983இன் வன்செயல்களுக்குப் பின் ஈழத்தமிழர் பெருந்தொகையினராக இந்நகரில் குடியேறினர். மோர்ட்டன் பைசர் குழுவினர் இங்குள்ள இலங்கைத் தமிழர் 1,603 பேரிடையே நடத்திய ஆய்வு, 12 விழுக்காட்டினர் வாழ்நாளில் நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய்க்கு ஆளானதைக் காட்டியது. மனச்சிதைவு போன்ற கடும் நோயுற்றோரின் வீடுகளில் வேறொரு சிக்கலும் இருந்தது. தாயோ தமையனோ மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தால், நோயாளி கூறியதன் ஒரு பகுதி தாதியின் செவிக்கு எட்டாது போகும். திருமணப் பேச்சுக் குலையும் என்ற அச்சம் நோயை வீட்டுக்குள்ளேயே மறைத்தது.

மவுண்ட் சினாய் மருத்துவமனை பல்லினச் சமூகங்களுக்கென அமைத்த குழு, தமிழரையும் தன் சேவையுள் கொண்டது. சீன, தமிழ்க் குடும்பங்களை ஒன்றுகூட்டி நோய் பற்றிக் கற்பிக்கும் அமர்வுகளையும் அது நடத்தியது. 2010இல் வெளியான அதன் முன்னோடி ஆய்வின்படி, நோயாளரை உறவினர் ஏற்கும் மனநிலை உயர்ந்தது. தவறாது பங்குபற்றியோரிடம் பராமரிப்புச் சுமையுணர்வும் குறைந்தது.

வீட்டுக்கு வந்த சிகிச்சையின் பெரும்பங்கை ஊதியமின்றிச் சுமந்தோர் குடும்பத்தினரே. மருத்துவப் பதிவேடுகள் தாதியின் வருகையைக் குறிக்கும். இரு வருகைகளுக்கிடையே விழித்திருந்த தாயைக் குறிப்பதில்லை. புலம்பெயர் தமிழர் வரலாற்றாய்வு அவ்வுழைப்பை வாய்மொழிச் சான்றுகளாகத் தமிழிலேயே திரட்ட வேண்டும். அச்சான்றுகளைத் தரக்கூடிய முதல் தலைமுறையினர் இன்று முதுமையில் உள்ளனர்.