போதை மீட்பில் பேச்சுவழிச் சிகிச்சை

குடி, கஞ்சா, ஹெராயின் போன்ற பழக்கங்களுக்கு அடிமையானவரை உரையாடலின் துணையோடு மீட்கும் முறையே பேச்சுவழிச் சிகிச்சை. தனி ஆலோசனை, குழுக் கூட்டம், குடும்ப ஆலோசனை எனப் பல வடிவங்களில் இது நடக்கிறது.

குடியைத் திடீரென நிறுத்தும்போது வரும் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் ஆகியவற்றுக்கு மருந்துதான் வேண்டும். ஹெராயின் பழக்கத்திலும் பலருக்கு மருந்து நீண்ட காலம் தொடர வேண்டியிருக்கும். ஆனால் உடல் தேறி வீடு திரும்பியவரைச் சம்பள நாளன்று பழைய கூட்டாளிகள் அழைத்தால் அவர் என்ன செய்வார்? பேச்சுவழிச் சிகிச்சையின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்த ஊக்கமூட்டும் நேர்காணலில் ஆலோசகர் அறிவுரை சொல்வதில்லை; ஏன் விட வேண்டும் என்பதை நோயாளியின் வாயிலிருந்தே வரவழைக்கிறார். உளவியலாளர் ஆலன் மார்லட் வளர்த்த மறுசறுக்கல் தடுப்பு முறை, ஆசையைக் கிளறும் இடம், ஆள், மனநிலை ஆகியவற்றை முன்கூட்டியே இனங்கண்டு சமாளிக்கப் பழக்குகிறது. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பிலோ குடியை விட்டவர்களே ஒருவருக்கொருவர் துணை.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் போதை மீட்புக்காக 1980இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். மும்பையின் பாந்திராவில் 1981இல் கிருபா அறக்கட்டளை பிறந்தது. அதை நிறுவிய பாதிரியார் ஜோ பெரேரா தாமே குடியிலிருந்து மீண்டவர், யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்காரின் மாணவர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பன்னிரு படிகள் வழிமுறையோடு யோகாவையும் அவர் இணைத்தார். குடிப்பவரை ஒழுக்கங்கெட்டவராக அல்லாமல் நோயாளியாகப் பார்க்கும் பார்வை இத்தகைய மையங்களால் வலுப்பெற்றது.

இச்சிகிச்சைக்கு நிபுணர்களே வேண்டும் என்பதும் இல்லை. கோவாவில் தீங்கு தரும் அளவில் குடித்துவந்த 377 ஆண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2017இல் லான்செட் இதழில் வெளியாயின. மனநலப் பட்டம் பெறாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதிகபட்சம் நான்கு அமர்வுகள் பேசினார்கள். மூன்று மாதங்களுக்குப் பின் கேட்டபோது, முந்தைய இரு வாரங்களில் குடிக்கவே இல்லை என்றவர்கள் 42 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 18 சதவீதம்.

தாய்மொழியில் மனம்விட்டுப் பேச முடிந்தால்தான் இச்சிகிச்சை பலன் தரும். ஆகவே மும்பையின் குர்லா, தாராவி, செம்பூர் போன்ற தமிழர் வாழும் பகுதிகளில் தமிழ் பேசும் ஆலோசகர்கள் அவசியம். 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் சிகிச்சை கிடைத்திருந்தது. உதவி தேடுவோர் தேசியப் போதை மீட்பு உதவி எண்ணான 14446ஐ இலவசமாக அழைக்கலாம்.