பண்டேயாவின் முத்து

ஹெர்க்குலிஸின் பராக்கிரமங்களைப் பாடிய கிரேக்கக் கவிகள் அநேகர். ஆயினும் அவ்வீரனுக்குப் பாரத தேசத்தில் பண்டேயா என்றொரு மகள் இருந்தாள் என்பதையும், அவளுக்கு அணியாகும்பொருட்டே முத்து கடலினின்றும் திரட்டப்பெற்றது என்பதையும் கிரேக்க நூல்களில் தேடப் புகுந்தால், சில வரிகளுக்கு மேல் அகப்படுவதில்லை. அச்சில வரிகளும் நம் தென்பாண்டிக் கடற்கரையைச் சார்ந்தவையாதலால், தூத்துக்குடிக் கரையில் நின்று கடலை நோக்கும் எவரும் அவற்றை அயலார் கதையென்று ஒதுக்கிவிட இயலாது.

கி.மு. 300-ஐ ஒட்டிய காலத்தில் சந்திரகுப்த மௌரியனின் சபைக்குத் தூதனாக வந்த மெகஸ்தனிஸ் எழுதிய 'இண்டிகா' என்னும் நூல் மறைந்துபோயிற்று. அதிலிருந்து அர்ரியன் முதலிய பிற்கால ஆசிரியர்கள் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சியுள்ளன. புதல்வர் பலரைப் பெற்ற ஹெர்க்குலிஸ், தன் ஒரே புதல்விக்கு அவள் பிறந்த நாட்டையே அளித்து, 500 யானைகளையும் 4,000 குதிரை வீரரையும் 1,30,000 காலாட்களையும் உடன் தந்தான் என்றும், அந்நாடு அவள் பெயராலேயே வழங்கலாயிற்று என்றும் அவை கூறுகின்றன. அந்நாட்டின் 365 ஊர்களும் நாளுக்கு ஓர் ஊராக முறைவைத்து அவளுக்குத் திறை செலுத்தின என்பது பொலியீனஸ் என்னும் கிரேக்க ஆசிரியர் தரும் செய்தி.

பண்டேயா என்னும் பெயரில் பாண்டியர் பெயர் ஒலிப்பதை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். மலயத்துவச பாண்டியனின் வேள்வித்தீயில் மகளாகத் தோன்றி, மதுரையில் முடிசூடித் திக்குவிஜயம் செய்த தடாதகைப் பிராட்டியின் சரிதமும் இங்கே நினைவுக்கு வரும். அதைக் கூறும் திருவிளையாடற் புராணம் பல நூற்றாண்டுகள் பிந்திய நூலாகையால், ஒன்றினின்று மற்றொன்று பிறந்ததென்று சாதிப்பதற்கில்லை. எனினும், தந்தையிடமிருந்து அரசைப் பெற்று ஆண்ட மகளொருத்தியை இரு மரபினரும் பாண்டிநாட்டோடு சேர்த்தே போற்றினர் என்பது சிந்தைக்கு இன்பம் தருகிறது.

முத்தைப் பற்றி அத்தூதன் கேட்டறிந்தவற்றில் பிழையும் உண்மையும் விரவியுள்ளன. தேனீக்களைப் போலச் சிப்பிகளுக்கும் ஓர் அரசன் உண்டென்றும், அவனைப் பிடித்தால் மற்றவை எளிதில் வலைப்படும் என்றும் அவன் எழுதினான். ஆனால் இக்கடலில் முத்து வலைக்கு வந்ததன்று, கல்லைத் துணைக்கொண்டு கடலடியிலுள்ள சிப்பிப் பாருக்கு இறங்கி, மேலே தோணியில் கயிறு பிடித்தவனை நம்பி மூச்சடக்கிய மனிதரின் கைக்கு வந்தது. சிப்பியின் தசையை அழுகவிடுவர் என்று அவன் கூறியதோ முற்றிலும் மெய். முத்துக்குளிப்பாகிய சலாபம் நடந்த காலமெல்லாம் குவித்த சிப்பிகளை அழுகவிட்டு அலசியே முத்தைப் பிரித்தனர்.

கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகனொருவன் எழுதிய 'பெரிப்ளூஸ்', குமரியில் நீராடிய தேவியைக் கூறிய பின்னர், பாண்டிய அரசுக்குட்பட்ட கொல்கியில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்துக்குளித்தனர் என்று தெரிவிக்கிறது. அக்கொல்கியே கொற்கை என்று கால்டுவெல் ஐயர் துணிந்தார். தாமிரபருணியின் வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளியமையால், இன்று அத்துறைமுகம் கரையினின்றும் சில கல் உள்ளே ஒரு சிற்றூராய் நிற்கிறது.

கொற்கைக்குப் பின் காயலும், காயலுக்குப் பின் தூத்துக்குடியும் முத்தின் துறைகளாயின. ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு சர்க்காருக்கும் ஒரு பங்கு குளித்தவருக்கும் என்று பகிர்ந்தனர். பார்கள் வளங்குன்றி, 1961-ஆம் ஆண்டோடு இக்கரையில் முத்துக்குளிப்பும் நின்றது.

தன் மகள் அணிய வேண்டுமென்று கடல்களையெல்லாம் துழாவிய தந்தையைப் பற்றிக் கிரேக்கர் எழுதினர். இக்கரையில் தலைமுறை தலைமுறையாகக் கடலடிக்கு இறங்கிய பரதவரும் பெண்மக்களைப் பெற்ற தந்தையரே. எனினும் அவர் எடுத்த முத்து அரசரின் பண்டாரத்துக்கும் அயல்நாட்டு அங்காடிக்கும் சென்றது. பண்டேயாவின் பெயரைப் படிக்கும்போதெல்லாம், தோணி திரும்பும் வரையில் கரையில் கண் இமையாது காத்திருந்த அம்மகளிரையும் நினைத்தல் நம் கடமையாகும்.