பெயர்களுக்கும் எல்லை உண்டு

இலக்கணம் என்பது எழுதுவோரை மட்டும் கட்டுப்படுத்துவதன்று. அதனைச் செயற்படுத்துவோரையும் கட்டுப்படுத்துவது. கலைப்பீடத்திற் கற்றுப் பத்திரிகைத் துறைக்கு வந்த எனக்கு, 'சி' என்னும் கணனி மொழியின் வரலாறு உணர்த்திய உண்மை இது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி இம்மொழியை உருவாக்கினார். 1973இல் யுனிக்ஸ் இயங்குதளம் இதிலேயே மீள எழுதப்பட்டது. 1978இல் பிறையன் கேர்ணிகனும் ரிச்சியும் எழுதிய நூலே பல்லாண்டுகள் இதன் இலக்கணமாக விளங்கியது.

யுனிக்ஸ் கிளை பிரிந்தபோது சிக்கல் முளைத்தது. சி நிரலின் முகப்பில் 'தலைப்புக் கோப்புகள்' அழைக்கப்படும்; இயங்குதளம் தரும் செயற்கூறுகளை நிரலுக்கு அறிமுகப்படுத்துவன அவையே. எழுத்துச் சரங்களுக்குரிய தலைப்புக் கோப்பு ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்தின் யுனிக்ஸில் 'ஸ்ட்ரிங்'. பேர்க்லி பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸில் 'ஸ்ட்ரிங்ஸ்'. செயற்கூறுகள் சிலவற்றின் பெயர்களும் வேறுபட்டன. ஓரிடத்தில் இயங்கிய நிரல் மற்றோரிடத்தில் முடங்கியது. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட செய்தி, வேறோர் எழுத்துருவில் விளங்காக் குறிகளாக மாறியதைக் கண்ட எம்மவருக்கு இத்துயர் புதிதன்று.

1983இல் அமெரிக்கத் தேசிய நியமங்கள் நிறுவனத்தின்கீழ் ஒரு குழு அமைந்தது. அதன் நியமம் 1989இல் ஏற்கப்பட்டு, 1990இல் சர்வதேச நியமமாயிற்று. இயங்குதளச் சேவைகளுக்கான 'பொசிக்ஸ்' நியமம் 1988இல் வந்தது.

தலைப்புக் கோப்பு எவற்றைத் தரவேண்டும் என்பதோடு நியமம் நின்றுவிடவில்லை. எவற்றைத் தரலாகாது என்றும் விதித்தது. நியமம் பட்டியலிட்ட பெயர்களும், இரட்டை அடிக்கோட்டுடன் தொடங்குவன போன்றனவும் செயற்படுத்துவோருக்கு ஒதுக்கப்பட்டன. எஞ்சியவை நிரலாளருக்கு உரியவை.

இதனாலேயே, சி நியமத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றித் தொகுக்கும்போது பொசிக்ஸ் செயற்கூறுகள் பல மறைந்துவிடுகின்றன. அவை வேண்டுமெனில், எந்த நியமத்தை நாடுகிறோம் என்பதை நிரலின் முகப்பிலேயே அறிவிக்க வேண்டும். எழுத்துச் சரத்தைப் படியெடுக்கும் 'ஸ்ட்ரடப்' செயற்கூறு பல தசாப்தங்கள் பரவலாகப் புழங்கியது. எனினும், 2024இல் வெளியான சர்வதேச நியமத்திலேயே அது சி மொழியின் உறுப்பாயிற்று.

இது வீண் கெடுபிடி எனச் சலித்துக்கொள்வோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. எவரோ எப்போதோ எழுதிவைத்த நிரலில் அவர் சூட்டிய பெயரோடு, பின்னாளில் இயங்குதளம் சேர்க்கும் பெயர் மோதாதிருக்க வேண்டும். அவர் இன்று இல்லாவிடினும், அவரது நிரல் தொடர்ந்து இயங்குவதற்கான உறுதிமொழி அந்தக் கண்டிப்பில்தான் இருக்கிறது.