உரிமம் யார் கையில்? விழுப்புரம், திண்டிவனம் காற்றலைகள் குறித்துச் சில குறிப்புகள்

வானொலியின் வரலாறு நமக்குக் கச்சேரிகளின் வரலாறாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. பேசுவதற்கான உரிமம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற கேள்வி எழுப்பப்படுவதில்லை.

1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் ஆர்வலர்களின் சங்கம். கம்பெனியுமில்லை, சர்க்காருமில்லை. காசில்லாமல் 1927இல் நின்றுபோனது. கருவி சென்னை மாநகராட்சிக்குப் போயிற்று. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது. கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்தார்கள். (நொடித்துப்போன இந்திய ஒலிபரப்புக் கம்பெனியைக் காலனிய அரசு எடுத்துக்கொண்டதும் அதே நாளில்தான்.) ஒரு நகரசபையின் கையில் வானொலி இருந்தது என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலி வந்ததோடு அந்த எட்டு வருஷக் கதை முடிந்தது.

இதற்கெல்லாம் அடிப்படை வானொலி பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம். 1980களின் நடுப்பகுதி வரை கேட்பவரும் தபால் ஆபீசில் பணம் கட்டி லைசன்ஸ் வாங்கவேண்டும். பேசுறவனுக்கு லைசன்ஸ் சரி, கேக்குறவனுக்கு எதுக்குய்யா? பெட்டி வாங்க முடியாதவர்களுக்கு டீக்கடை இருந்தது, பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. அந்தப் பஞ்சாயத்து ரேடியோ ஊர்த்தெருவில் நின்றதா, சேரியில் நின்றதா என்று கேட்டு எழுதத் தொடங்கினால் வானொலி வரலாறே வேறாகிவிடும்.

கேஸ்கர் அமைச்சராயிருந்த 1950களில் சினிமாப் பாட்டுக்குக் கதவடைத்தபோது ஜனங்கள் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். யுத்தகால ராணுவ நிலையமொன்றின் வாரிசுதான் ரேடியோ சிலோன். 1967 செப்டம்பர் 23இல் புதுச்சேரி நிலையம் வந்தது. யூனியன் பிரதேசத்தின் குரல், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருந்த விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் 'உள்ளூர்' குரலாயிற்று.

காற்றலை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1999இல் அதை ஏலம் விட்டார்கள். பொதுச்சொத்தை ஏலம் போடுவது நம்மூர் ஏரி மீன் குத்தகையிலேயே பார்த்ததுதான். பின்னால் புதுச்சேரிக்கு வந்த சூரியன் எஃப்.எம். சன் குழுமத்தினுடையது, ஹலோ எஃப்.எம். தினத்தந்தி குழுமத்தினுடையது. செய்தித்தாளும் தொலைக்காட்சியும் வைத்திருந்தவர்களே காற்றையும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இவர்களுக்கும் சொந்தமாகச் செய்தி சொல்ல உரிமம் இல்லை. அகில இந்திய வானொலிச் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம். தொண்டு நிறுவனங்களுக்கு 2006இல் திறந்துவிடப்பட்ட சமுதாய வானொலிக்கும் இதே வாய்ப்பூட்டுதான்.

2024 டிசம்பர் 1இல் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. மறுநாள் விடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் விடப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. உரிம விதிப்படி, நிர்வாகம் எழுதித் தரும் பேரிடர் அறிவிப்பைத் தனியார் பண்பலை வாசிக்கலாம். அணையை ஏன் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கவில்லை என்று மூழ்கிய ஊர்க்காரர் கேட்பதைச் செய்தியாக்க முடியாது.