தங்கவயலுக்கு ஆற்றல் வந்த வழி

கோலார் தங்கவயல் என்ற பெயரைக் கேட்டவுடன் பொன் நினைவுக்கு வருவது இயல்பு. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்குக் கால்கொண்டதிலிருந்து 2001 வரை தோண்டி எடுக்கப்பட்ட பொன் ஏறத்தாழ 800 டன் என்பர். அப்பொன்னின் கணக்கு ஏடுகளில் இருக்கிறது. அதனை வெட்டி மேலேற்றச் செலவான ஆற்றலின் கணக்கைத் தனியே எழுதி வைத்தவர் அரியர். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழ்த் தொழிலாளி, கதிரவன் ஒளி எட்டாத ஆழத்தில் நின்று சம்மட்டியை ஓங்கினானே, அந்தக் கைக்கு வலிமை எங்கிருந்து வந்தது? இக்கேள்விக்கு விடை தேடினால், உயிர்கள் ஒன்றிலிருந்து மற்றொன்று ஆற்றல் பெறும் முறை தெளிவாக விளங்கும்.

முதலில் அவன் உண்ட களியிலிருந்து தொடங்குவோம். கேழ்வரகுப் பயிரின் இலையிலுள்ள பச்சையம், ஞாயிற்றின் ஒளியைப் பற்றிக் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் தரும் நீரையும் சேர்த்து மாவுப்பொருளாக்குகிறது. விழும் ஒளி முழுவதையும் பயிர் பிடித்துக்கொள்வதில்லை. நூறு பங்கில் ஒன்றிரண்டு பங்கு பிடித்தாலே அது நல்ல விளைச்சல். பிடித்ததிலும் ஒரு பகுதியைத் தான் வாழ்வதற்கே செலவிட்டு, எஞ்சியதைத்தான் கதிரில் சேர்க்கிறது. இவ்வாறு சேர்ந்த ஒரு கிலோ கேழ்வரகில் ஏறத்தாழ 3,300 கலோரி ஆற்றல் அடங்கியிருக்கிறது. கடும் உழைப்பாளி ஒருவனுக்கு நாளொன்றுக்கு வேண்டுவதும் ஏறத்தாழ அதே அளவுதான்.

அவன் உண்டதெல்லாம் சம்மட்டி அடியாக மாறுவதும் இல்லை. தசை தான் பெறும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு அல்லது ஐந்தில் ஒரு பங்கையே வேலையாக்குகிறது. மற்றது வெப்பமாக வெளியேறுகிறது. மேலே வயலில் உழைப்பவனுக்கு அவ்வெப்பம் காற்றோடு போய்விடும். சாம்பியன் ரீஃப் சுரங்கமோ 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 பாகை செல்சியசுக்கு மேல். தன் உடலில் எழும் வெப்பத்தை வெளியேற்ற இடமின்றி மனிதன் தவிக்கும் இடம் அது. ஆகையால் மேலிருந்து குளிர்ந்த காற்றை ஓயாமல் செலுத்த வேண்டியிருந்தது. அதற்கு வேறு ஆற்றல் தேவைப்பட்டது.

தொடக்க ஆண்டுகளில் அந்த ஆற்றலைத் தந்தவை விறகும் நிலக்கரியும். நீராவி எந்திரங்கள் அவற்றை எரித்துக் கூண்டை ஏற்றி இறக்கின, நீரை இறைத்தன. விறகு என்பது அண்மைக் காலத்து வெயில். நிலக்கரி என்பது மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன் பச்சிலைகள் பிடித்து வைத்த வெயில். தொலைவிலிருந்து கொண்டுவரும் நிலக்கரியின் செலவு மிகவே, காவிரியின் பக்கம் பார்வை திரும்பியது. சிவசமுத்திரம் அருவியில் மின்னாக்கி, 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே தங்கவயலுக்கு அனுப்பும் பணி 1902-ஆம் ஆண்டு சூன் திங்களில் நிறைவேறியது. அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்கம்பித் தொடர்களுள் அது ஒன்று. திட்டத்துக்கு உறுதுணையாய் நின்ற மைசூர்த் திவான் சேஷாத்திரி ஐயர் 1901-ஆம் ஆண்டிலேயே மறைந்தார். அவர் அதனைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. பெங்களூர் நகரத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது 1905-இல். தங்கவயல் அதனை முந்திக்கொண்டது.

அருவி நீரை மலைமேல் ஏற்றியது எது? கடலில் வெயில் பட்டு நீர் ஆவியாயிற்று, காற்று அதனைக் குடகு மலைக்குக் கொண்டு சென்றது, மழையாகி ஆறாயிற்று. ஆகவே, எந்திரத்தைச் சுழற்றியதும் ஞாயிறு. தொழிலாளியின் தோளை அசைத்ததும் ஞாயிறு. இலை வழி வந்தது ஒன்று, ஆறு வழி வந்தது மற்றொன்று. அவ்வளவே வேறுபாடு.

இலையிலிருந்து உயிருக்கு, உயிரிலிருந்து உயிருக்கு என்று தொடரும் இப்பயணத்தை அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அறிவியலில் மிகப் பழையதன்று. சார்லஸ் எல்டன் என்ற ஆங்கிலேயர் 1927-இல் எழுதிய நூலில் உணவுச் சங்கிலியை விளக்கினார். உண்ணப்படுவன பலவாகவும் உண்பன சிலவாகவும் இருப்பதை அவர் ஒரு கூம்பாக உருவகித்தார். 1935-இல் ஆர்தர் டான்ஸ்லி, உயிர்களையும் அவை வாழும் மண், நீர், காற்று ஆகியவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே அமைப்பாகக் காண வேண்டும் என்றார். ரேமண்டு லிண்டெமன் என்ற அமெரிக்க இளைஞர் மின்னசோட்டா மாநிலத்துச் சிறிய ஏரி ஒன்றை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, ஒவ்வொரு படியிலும் எவ்வளவு ஆற்றல் ஏறுகிறது என்று கணக்கிட்டார். அவ்வேரியில் விழுந்த ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கையே நீர்த்தாவரங்கள் பிடித்தன. அதில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கே தாவர உண்ணிகளைச் சென்றடைந்தது. வெறும் கொள்கையாக இருக்கிறதென்று முதலில் தள்ளப்பட்ட அவருடைய கட்டுரை 1942 அக்டோபரில் வெளிவந்தது. அதற்குச் சில திங்களுக்கு முன்பே, 26 வயதில், அவர் இறந்துவிட்டார்.

தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியை வைத்து இதனை எளிதாக நோக்கலாம். எந்த ஏரியிலும் பாசி முதற்படி. பாசியை நீர்ப்பூச்சி உண்ணும்; பூச்சியைச் சிறுமீன் உண்ணும்; சிறுமீனை விரால் உண்ணும். படிக்குப் பத்தில் ஒரு பங்கு ஏறுகிறது என்று தோராயமாகக் கொண்டால், பாசியில் 10,000 பங்கு இருந்தது பூச்சியில் 1,000 ஆகும். சிறுமீனில் 100 ஆகும். விராலில் 10 மட்டுமே. இடையில் போனவை மூச்சாகவும் அசைவாகவும் வெப்பமாகவும் போயின. உண்ணப்படாது எஞ்சியதும் கழிவும் மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு உணவாயின. புலி ஏன் அரிது, மான் ஏன் மிகுதி என்பதற்கும் இதுவே விடை. களி உண்டவன் பயிருக்கு அடுத்த படியில் நின்றான். இடையே கசியும் இழப்பு அவனுக்குக் குறைவு. அதனால்தான் வானம் பார்த்த சிறு நிலத்தின் கேழ்வரகும் ஒரு பெருங்கூட்டத்தின் வயிற்றை நிரப்ப முடிந்தது.

சுரங்கத்தினுள் பச்சிலை இல்லை. அங்கு வாழ்ந்த உயிர் எதுவாயினும் அதன் உணவு கூண்டு வழியே மேலிருந்து இறங்கியதுதான்: தொழிலாளி சிந்திய பருக்கை, முட்டுக்கொடுத்த மரம், அம்மரத்தில் பற்றிய பூஞ்சணம். ஆயினும் உலகில் இதற்கு ஒரு விலக்கு உண்டு. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில், 2.8 கிலோமீட்டர் ஆழத்துப் பாறை வெடிப்பு நீரில், தனித்து வாழும் ஒரு நுண்ணுயிரைப் பற்றி 2008-இல் அறிவித்தனர். பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர் நீரைப் பிளந்து உண்டாக்கும் ஐட்ரசனே அதற்கு எரிபொருள். 2011-இல் அந்நாட்டுச் சுரங்கங்களிலேயே, நுண்ணுயிர்களை மேய்ந்து வாழும் அரை மில்லிமீட்டர்ப் புழு ஒன்றும் அறியப்பட்டது. இருளிலும் உண்பதும் உண்ணப்படுவதும் உண்டு. ஆற்றலின் ஊற்றுத்தான் வேறு.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரிறைக்கும் எந்திரங்கள் நின்றன. நிலத்தடி நீர் சுரங்கங்களை நிரப்பியது. நூற்றிருபது ஆண்டுகள் மனிதன் நடமாடிய வழிகள் மூழ்கின. உயிருள்ள உடலும் அத்தகையதே. ஆற்றல் உள்ளே வந்துகொண்டிருக்கும் வரை அது நிற்கும். வரவு நின்றால் குலையும். உயிர்களைக் கட்டிய சுண்ணமும் சாம்பரமும் மண்ணுக்குத் திரும்பி மறுபடியும் பயிராகலாம். செலவான ஆற்றலோ திரும்பாது. நாள்தோறும் புதிதாக வர வேண்டும்.

ஊருக்குப் பக்கத்தில் சயனைடு மண்மேடுகள் நிற்கின்றன. அரைத்துப் பொன் பிரித்த பாறைத்தூள், மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்டது, அங்குக் குவிந்து கிடக்கிறது. அருகிலுள்ள கேழ்வரகு வயலில் விழும் அதே வெயில் அம்மேட்டின்மீதும் விழுகிறது. பிடித்துக்கொள்ள இலை அரிது. இலை நிற்க வளமான மண் இல்லை. எனவே, வெயில் வெறும் வெப்பமாகக் கழிகிறது. காற்றடிக்கும் காலத்தில் தூளே ஊருக்குள் வருகிறது. பொன்னை எடுத்துவிட்டு மண்ணை இழந்த இடத்தின் நிலை இது.

வேலை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கும் இவ்வாழ்க்கை அயலானதன்று. பாட்டனார் பொன் வெட்டிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அவர் உண்ட களியையும், அது விளைந்த கரம்பையும், அதன்மேல் காய்ந்த வெயிலையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் வெட்டிய பொன் எங்கெங்கோ சென்றுவிட்டது. அந்த வெயில் இன்றும் காலைதோறும் தங்கவயலுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. அதனைப் பிடிக்க அம்மேடுகளின்மேல் மீண்டும் இலை தழைக்கச் செய்வதே எஞ்சியிருக்கும் வேலை.