கண்ணாடித் தொட்டிக்குள் வந்த கடல்

கடல் மீன் வளர்க்கும் ஆசையில் ஒருவர் சிறிய கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்குகிறார். உப்பை அளந்து கரைக்கிறார், மணல் போடுகிறார், காற்று மோட்டாரை ஓடவிடுகிறார். மறுநாளே ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் இரண்டு உள்ளே நீந்துகின்றன. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பத்து நாள் கழியவில்லை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, பிறகு ஒவ்வொன்றாகச் சாகின்றன. தண்ணீரோ பளிங்குபோல் தெளிந்து கிடக்கிறது. உப்பு சரியில்லை என்பார் ஒருவர். கடைக்காரர் நோயாளி மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்பார் இன்னொருவர். அந்த மீன்களைக் கொன்றது எது என்பது விளங்க, கடலை வீட்டுக்குள் கொண்டுவந்த முதல் தலைமுறைக்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

அந்தக் கதை இங்கிலாந்தில், 1846ஆம் ஆண்டில் தொடங்குகிறது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் உயர் பொறுப்பில் இருந்த பாதிரியாரின் மனைவி அன்னா தின். டார்க்கி கடற்கரைக்கு ஓய்வுக்குச் சென்றவர், பாறை இடுக்கில் உயிருள்ள கல்பவளங்களைக் கண்டார். அவற்றை ஊசி நூலால் ஒரு பெரிய கடற்பஞ்சில் தைத்து, கடல்நீர் நிரம்பிய ஜாடியில் இட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடலிலிருந்து தொலைவில் உள்ள நகரம்; நினைத்தபோதெல்லாம் புதுக் கடல்நீர் கிடைக்காது. இருக்கும் நீருக்கே காற்றூட்ட வேண்டும். அதற்கு அம்மையார் கண்ட வழி, வீட்டுப் பணிப்பெண். திறந்த சன்னல் அருகே நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் அந்தப் பெண் நீரை ஆற்றிக்கொண்டிருப்பார். தேத்தாரிக் ஆற்றுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெண்ணுக்கு அது விளையாட்டாகவே இருந்தது என்று அம்மையார் பின்னர் எழுதினார். பணிப்பெண்ணைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

1847இல் அம்மையார் கடற்பாசிகளையும் வரவழைத்துப் போட்டார். பவளங்கள் ஏறக்குறைய மூன்றாண்டுகள் உயிரோடு இருந்தன.

இதே காலத்தில் லண்டன் மருந்து தயாரிப்போர் சங்கத்தில் வேதியியல் பணியில் இருந்த இராபர்ட் வாரிங்டன் வேறொரு சோதனை செய்தார். அவருடையது நன்னீர்த் தொட்டி. இரண்டு தங்கமீன்கள், நீரில் வளரும் புல்வகை ஒன்று. மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி உறிஞ்சும், செடி தரும் பிராணவாயுவை மீன் சுவாசிக்கும் என்பது கணக்கு. கணக்கு சரியாக வந்தாலும் இலைகள் அழுகி நீர் கலங்கியது. அழுகலைத் தின்னச் சில நத்தைகளை விட்டார், நீர் தெளிந்தது. 1850இல் இதை அறிவித்தபோது, மீன், செடி, நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இந்தச் சமநிலைக் கொள்கை எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் அதே முறையைக் கடல்நீரிலும் அவர் செய்துபார்த்தார்.

பிறகு வந்தது பெரும் மோகம். கண்ணாடி மீதான வரி 1845இலேயே நீக்கப்பட்டிருந்தது, கண்ணாடி மலிவாயிற்று. கடற்கரைக்கு இரயில் ஓடியது. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. அதற்குக் கடல் உயிர்களைச் சேகரித்துத் தந்தவர்களில் ஒருவர் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கையாளர். அடுத்த ஆண்டு அவர் எழுதிய நூல்தான் 'அக்வேரியம்' என்ற சொல்லை வீடுதோறும் கொண்டுபோனது. கடலே இல்லாத ஊரில் உப்புகளைக் கலந்து கடல்நீர் செய்யும் முறையையும் அவர் வெளியிட்டார். நடுத்தர வர்க்கத்து வரவேற்பறைகளில் எல்லாம் கடல்நீர்த் தொட்டி வந்து உட்கார்ந்தது.

பெரும்பாலான தொட்டிகள் நாறின. 1860களில் மோகம் தணிந்துவிட்டது. ஆனால் கடற்கரைக்கு நேர்ந்த சேதம் தணியவில்லை. கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் பாறைக் குட்டைகளைத் துடைத்தெடுத்துப் போய்விட்டார்கள். அந்த அழிவுக்குத் தம் நூல்களும் காரணமாயின என்ற வேதனை தந்தைக்கு இருந்ததை, காஸின் மகன் எட்மண்ட் 1907இல் வெளியிட்ட நினைவு நூலில் பதிவு செய்திருக்கிறார்.

ஏன் நாறின? வாரிங்டனின் கொள்கை பொய்யல்ல, பாதிதான் உண்மை. மீன் மூச்சு மட்டும் விடுவதில்லை. அதன் செவுள் வழியே அமோனியா வெளியேறுகிறது. தின்னாமல் விட்ட இரையும் கழிவும் அழுகினாலும் அமோனியாவே. நிறமில்லாத நஞ்சு அது. தொட்டிக்கு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நீர் தெளிவாகவே தெரியும். கடலில் அது கரைந்து போய்விடும். தொட்டியில் எங்கே போகும்?

விடை மீன் தொட்டியில் கிடைக்கவில்லை, சாக்கடை நீரில் கிடைத்தது. 1877இல் பாரிஸில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாய் வழியே சாக்கடை நீரை மெதுவாக இறக்கினார்கள். முதல் இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு அமோனியா மறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றுபோனது. வேலை செய்தது வெறும் மணலாக இருந்தால் மயக்க மருந்துக்கு அது நின்றிருக்குமா? உள்ளே ஏதோ உயிர் இருக்கிறது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

இந்தச் செய்தியை இங்கிலாந்தில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பதினைந்து ஆண்டுகளுக்குமேல் உழைக்காவிட்டாலும் பத்தாண்டுகளுக்குமேல் உழைத்தவர், ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தின் வேதியியலாளர். அவர் பெயரும் இராபர்ட் வாரிங்டன். தங்கமீன் வளர்த்த அதே வாரிங்டனின் மகன்! தந்தையின் ஆய்வுக்கூடத்திலேயே வேதியியல் கற்றவர். அமோனியாவை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக்குகிறது, நைட்ரைட்டை இன்னொரு வகை நைட்ரேட்டாக்குகிறது என்று இரண்டு படிகளைப் பிரித்துக் காட்டினார். மண்ணின் வளத்துக்காகச் செய்த ஆராய்ச்சி. மீன் அவர் மனத்தில் இருந்திருக்க வேண்டியதில்லை. நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. அதை 1890இல் செய்து முடித்தவர் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி. தந்தை வாரிங்டன் 1867இலேயே இறந்துவிட்டார். தம் தொட்டியில் விடுபட்டது என்ன என்பதை அவர் அறியவே இல்லை.

நம் வட்டாரத்துக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. சிங்கப்பூர் ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில் 1955இல் திறக்கப்பட்ட வான் கிளீஃப் மீன் காட்சியகத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1998இல் அந்தக் கட்டடமும் இடிக்கப்பட்டது. வீட்டுத் தொட்டிக்கு வழி காட்டியவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை, வெயில், மெல்லிய காற்றுக் குமிழி, இவ்வளவுதான் அவர் முறை. 1961இல் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழ் ஒன்றில் அதை எழுதினார். மேல்நாட்டார் பவளத்தைக் காப்பாற்றத் திணறிய காலத்தில் அவர் தொட்டியில் பவளம் வாழ்ந்தது. அந்தப் பாறையின் துளைகளில் குடியிருந்தவை பாரிஸ் குழாயில் இருந்ததைப் போன்ற நுண்ணுயிர்கள்தாம்.

ஆக, மறுநாளே மீன் விட்டவர் செய்த பிழை இப்போது தெரிகிறது. அவர் தொட்டியில் எல்லாம் இருந்தன, குடியிருக்க வேண்டிய பாக்டீரியா மட்டும் இல்லை. அது பெருகி நிலைக்கப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சிறிதளவு அமோனியாவைக் கொடுத்து, மீனில்லாமல் தொட்டியை ஓடவிட்டு, கடையில் கிடைக்கும் சோதனைத் திரவத்தால் பார்க்க வேண்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூச்சியத்துக்கு இறங்கிய பிறகே முதல் மீன். அதுவும் ஒன்றோ இரண்டோ. கோமாளி மீன் என்றால் பண்ணையில் பிறந்ததைக் கேட்டு வாங்கலாம். பவளப்பாறையில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கியது. காஸ் கண்ட பாறைக் குட்டைகளின் கதி அங்கே இன்னும் கொடுமையாக நேர்ந்தது.

சிறிய தொட்டி சுலபம் என்று நினைப்பது இன்னொரு தவறு. லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்று 20 லிட்டர் தொட்டியில் 700 கிராம் கரைந்திருக்கிறது. மின்விசிறிக் காற்றில் இரண்டு லிட்டர் ஆவியானால் உப்பு ஆவியாகாது. மிஞ்சிய நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 39 கிராம் ஆகிவிடும். 200 லிட்டர் தொட்டியில் அதே இரண்டு லிட்டர் குறைந்தால் மீனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. புதியவர்கள் பலர் குறைந்த அளவுக்கு மறுபடியும் உப்புநீரையே ஊற்றிவிடுகிறார்கள். ஊற்ற வேண்டியது குளோரின் நீக்கிய நன்னீர். 1850களில் தொட்டி வைத்தவர்களுக்கே இது தெரிந்திருந்தது. தொட்டி நிரம்பிய அன்றே வெளிக் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவைத்து, தினமும் அந்தக் கோடு வரை ஊற்றினால் போதும்.